பிச்சைமுத்துவின் வாய்ப்பூட்டு

பிச்சைமுத்துவின் குரலை முதலில் நான் வெறுத்தேன். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகிற பஸ்ஸில் நான் டிரைவர், அவன் கண்டக்டர். எழுபத்தொன்றில் வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து அந்தக் குரல் என் இடது காதுக்குப் பின்னாலேயே குடியிருந்தது. பஸ் நிலையத்தில் நின்று அவன் ஒரு தடவை “தஞ்சோங்!” என்று கூப்பிட்டால், மார்க்கெட்டில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பவர் மீனைப் போட்டுவிட்டு ஓடி வருவார். எனக்குத் தலைவலி வரும். “மெதுவா கத்தேன் லா, வண்டிக்குள்ளதான் நானும் இருக்கேன்” என்பேன். “ஒங்களுக்கா கத்துறேன் அண்ணே? இன்னும் வராத ஆளுக்குக் கத்துறேன்” என்பான்.

அந்த ஊரில் மனநோய்க்கான பெரிய ஆஸ்பத்திரி இருப்பதால், “தஞ்சோங் யாரு போறா?” என்று கேட்டாலே பஸ் நிலையத்தில் நாலு பேர் சிரிப்பார்கள். பிச்சைமுத்து சிரிக்கமாட்டான். குணமாகி வெளியே வருகிறவர்களை முன் இருக்கையில் உட்காரவைத்து அவர்களிடம் மட்டும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வருவான். அவனுக்கு மெதுவாகவும் பேச வரும் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதன் பிறகு என் வெறுப்புக் கொஞ்சம் குறைந்தது. பிறகு போயே போய்விட்டது.

அந்தக் குரல் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் விளைந்தது. அம்மா பால் வடிய மரம் வெட்ட, இவன் எட்டு வயதில் பால் கோப்பை துடைக்கப் போனான். விடியற்காலைப் பனியில் அடுத்த வரிசையில் இருப்பவர் முகம் தெரியாது. குரல் கொடுத்துத்தான் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது குடும்பத்தோடு ஈப்போவின் புந்தோங்கிற்கு வந்துவிட்டார்கள். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் அவனுக்குப் பிடிக்காது. “கொசுவும் காய்ச்சலும் லா, வேற என்ன இருந்துச்சு?” என்று முடித்துவிடுவான்.

அவன் மனைவி பாப்பா புந்தோங்கிலேயே பிறந்தவள். அங்கே முறுக்குச் சுட்டு, கடலை வறுத்துப் பொட்டலம் கட்டும் கச்சாங் பூத்தே கொட்டகை ஒன்றில் வேலை செய்தாள். பேச ஆரம்பித்தால் எண்ணெய்ச் சட்டி தீய்ந்துபோகும்வரை நிறுத்தமாட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு பேரும் பேசிப் பேசியே அந்தப் பலகை வீட்டை நிரப்பிக்கொண்டார்கள். ரேடியோகூட வாங்கவில்லை, தேவைப்படவில்லை.

எண்பத்தொன்றில் அவனுடைய காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தான் போட முடியாமல் போனது. ஆம்பளைக்கு இருக்கிற குரல்வளை மேட்டுக்குக் கீழே, சரியாக நடுவில், இன்னொரு மேடு. கோலிக்குண்டு அளவு. வலியில்லை. “பிச்சைக்கு ரெண்டு குரல்வளை, அதான் ரெண்டு பங்கு சத்தம்” என்று டிப்போவில் கிளப்பிவிட்டவன் வேறு யாருமில்லை, நான்தான். என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம். பாப்பா சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பூசினாள். தோல் சிவந்ததே தவிர மேடு அசையவில்லை.

எங்கள் பஸ்ஸில் தினமும் வேலைக்கு வரும் நவமணி மிஸிதான் அதைப் பிடித்தாள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். டிக்கெட் வாங்கும்போது அவன் கழுத்தையே பார்த்தாள்.

“அண்ணே, எச்சிய முழுங்குங்க.”

முழுங்கினான். அந்தக் குண்டு மேலே ஏறிக் கீழே இறங்கியது.

“இன்னொரு தடவ.”

மறுபடியும் ஏறி இறங்கியது. மிஸியின் முகம் மாறியதை நான் கண்ணாடியில் பார்த்தேன். “நாளைக்கு லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. சும்மா சொல்லல” என்றாள். அன்று முழுவதும் பிச்சைமுத்து எச்சில் முழுங்கிக்கொண்டே இருந்தான்.

அறுவை டாக்டர் பெயர் ஃபூங். ஈப்போக்காரர், ஒல்லியான ஆள், சிரிப்பு வராத முகம். எங்களிடம் மலாயில்தான் பேசுவார். நான் தமிழில் சொல்கிறேன். அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் தொண்டையின் இரு பக்கமும் வைத்து, கட்டை விரல்களை நடுவில் ஒட்டிக் காட்டினார். “தைராய்டு சுரப்பி இப்படித்தான் இருக்கும். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. நடுவில் கட்டை விரல் சேருகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம். கட்டி வருகிறவர்களுக்கு எல்லாம் பெரும்பாலும் கையில்தான் வரும். உனக்குப் பாலத்தில் வந்திருக்கிறது. நூற்றில் ஓரிரண்டு பேருக்குத்தான் இப்படி.”

“நல்லதா கெட்டதா டாக்டர்?” என்று பாப்பா கேட்டாள்.

“புற்றுநோயாக இருக்கலாம். எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பாலத்துக்கு அடியிலேயே மூச்சுக்குழாய் இருக்கிறது. குழாயின் இரண்டு ஓரத்திலும் குரலுக்கான நரம்பு போகிறது, பக்கத்துக்கு ஒன்று. கட்டி ஒரு பக்கத்தில் இருந்தால் ஒரு நரம்புக்குத்தான் பயப்பட வேண்டும். நடுவில் இருப்பதால் நான் இரண்டுக்கும் பயப்படுகிறேன்.”

சாவைப் பற்றி அவன் கேட்கவில்லை. “கத்த முடியுமா?” என்று மட்டும் கேட்டான். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், “பார்க்கலாம்” என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் நாள் மூன்று பேரும் குனோங் சீரோ மலைக்குகைக் கோவிலுக்குப் போனோம். வெளியே மழை. குகைக்குள் சுண்ணாம்புக் கல்லிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. விளக்கு எரியும் இடம் தவிர மற்றதெல்லாம் பச்சையும் சாம்பலுமாக மங்கிக் கிடந்தது. பிச்சைமுத்து முருகன் முன்னால் நின்று, எங்கள் காதில் விழும்படி நேர்ந்துகொண்டான். “மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிக்கிற நேரத்திலேருந்து தைப்பூசம் வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். நாப்பத்தெட்டு நாளு. மொத வார்த்த ஒனக்குத்தான்.” தைப்பூசத்துக்கு வாய்ப்பூட்டு நேர்ந்துகொள்வது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. சிலர் அலகு குத்தி வாயைப் பூட்டுவார்கள், சிலர் மஞ்சள் துணி கட்டுவார்கள், சிலர் பேசாமல் மட்டும் இருப்பார்கள். கண்டக்டர் ஒருவன் பேச்சைக் காணிக்கையாகக் கொடுக்கிறான் என்றால் சாமிக்கு அதைவிடப் பெரிதாக என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

இனி நடந்தது எங்களைப் போன்ற ஆட்களால் மட்டும் செய்ய முடிந்த முட்டாள்தனம். அந்த நேர்த்திக்கடனை நாங்கள் யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. கழுத்தை அறுக்கிறவருக்குச் சாமி விஷயம் எதற்கு என்று பாப்பா நினைத்தாள். பாப்பா சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் சொல்லியிருப்போம் என்று பிச்சைமுத்து நினைத்தான்.

அறுவை முடிந்து பிச்சைமுத்து கண் விழித்தான். டாக்டர் குனிந்து, “பேர் சொல்” என்றார். பிச்சைமுத்து அவரைப் பார்த்துவிட்டு மெல்ல இல்லையென்று தலையை ஆட்டினான். டாக்டர் மத்தியானம் மறுபடி வந்தார். சாயங்காலம் வந்தார். மறுநாள் நாலு தடவை வந்தார். “ஆ சொல்.” இல்லை. “இருமிக் காட்டு.” அதற்கும் இல்லை. சின்னக் கண்ணாடி ஒன்றை வாய்க்குள் விட்டு குரல்நாண் ஆடுகிறதா என்று பார்க்க முயன்றார்கள். அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, ஒன்றும் தெரியவில்லை. பாப்பாவுக்கோ ஒரே பூரிப்பு. “இந்த டாக்டரு எவ்ளோ பாசமா வந்து வந்து பாக்குறாரு பாருங்கண்ணே” என்று என்னிடம் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். இரண்டு நரம்பையும் சிதைத்துவிட்டோமோ என்று அந்த மனிதர் ஐந்து நாள் சோறு இறங்காமல் நடந்துகொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் நவமணி மிஸி பாப்பாவிடம், “அண்ணனுக்கு இன்னும் பேச்சு வரலியே அக்கா” என்று கண்கலங்கினாள். “எப்படி வரும்? தைப்பூசம் வரைக்கும் வராது” என்றாள் பாப்பா. மிஸி ஓடிப்போய்ச் சொல்ல, டாக்டர் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. “நான் ஐந்து நாளாகத் தூங்கவில்லை” என்றார். பிச்சைமுத்து கும்பிட்டான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்துவிட்டான். சோதனை முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. புற்றுநோய்தான். பாலத்தோடு நிற்காமல் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன முடிச்சுக்கும் போயிருந்தது. டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“பாலத்தை எடுத்துவிட்டேன். இப்போது இரண்டு கையையும் எடுக்க வேண்டும். அதன்பின் ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை, அவ்வளவுதான். எடுத்தால் பிழைப்பான். ஆனால் ஒன்று. முதல் தடவையில் ஒரு நரம்பு போயிருந்தால், மற்றதன் பக்கம் நான் கத்தி வைக்கமாட்டேன். இரண்டும் போனால் மூச்சு விடவே கழுத்தில் ஓட்டை போட வேண்டிவரும். அதனால் முதலில் இவன் குரலை நான் கேட்க வேண்டும். குரல் இல்லையென்றால் அறுவை இல்லை.”

“தைப்பூசம் முடியட்டும் டாக்டர்” என்றேன்.

“தைப்பூசத்துக்கு முன்னால் எனக்குப் பினாங்குக்கு மாற்றல். நான் திறந்த கழுத்து. அதை இன்னொருவரிடம் விட எனக்கு மனமில்லை.”

பிச்சைமுத்து சட்டைப் பையிலிருந்து பழைய டிக்கெட்டை எடுத்து, பின்பக்கம் எழுதி நீட்டினான். “சாமிக்குக் கொடுத்த வார்த்தை.” டாக்டர் தமிழ் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் படித்துச் சொன்னதும் பெருமூச்சு விட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் கனவில் நடந்தது மாதிரிதான் இருக்கிறது. வேறொரு கண்டக்டரைப் போட்டிருந்தார்கள். நல்ல பையன், விசில் ஊதுவான், கத்தமாட்டான். பஸ் அமைதியாக ஓடியது. விடிகாலையில் மலைகள் பனிக்கு மேலே அடியில்லாமல் நின்றன. நான் ஓட்டுகிறேனா, வண்டி தானாகப் போகிறதா என்றே சில நேரம் தெரியாது. எந்த நிறுத்தத்திலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆட்கள் பனியிலிருந்து ஏறி, பனிக்குள் இறங்கிப் போனார்கள். பதினோரு வருஷம் எதைக் கேட்டுத் தலைவலி என்று சொன்னேனோ அதற்காக என் காது ஏங்கியது. எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. இவன் விரதம்தான் இருக்கிறானா? வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் முருகன் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறானா?

ஒரு மத்தியானம் ஷிப்ட் முடிந்து நான் புந்தோங் வழியாகப் போனபோது பாப்பா வாசலிலேயே மடக்கினாள். உதட்டில் விரலை வைத்து, “செருப்பக் கழட்டிட்டு வாங்கண்ணே. சத்தம் போடாதீங்க” என்றாள். பாப்பா கிசுகிசுத்து நான் கேட்டதே அன்றுதான்.

உள்ளே பிச்சைமுத்து கேன்வாஸ் நாற்காலியில் படுத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். பக்கத்துக் கொட்டகையிலிருந்து முறுக்கு வாசம் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் உதடு அசைந்தது.

“உள்ள போங்க, உள்ள போங்க. எவ்ளோ எடம் இருக்கு. ஐயா, கோழிய மடியில வைங்க லா, அதுக்கு டிக்கெட் இல்ல.”

அதே குரல். கொஞ்சமும் குறையாத, என் தலையைப் பிளந்த அதே குரல். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்பட ஒன்றுமில்லை, அழுதேன்.

“பத்து நாளா இப்படித்தான்” என்றாள் பாப்பா காதோரம். “மத்தியானம் தூங்குனா பேசுறாரு. அவருக்குத் தெரியாது. சொன்னேன்னா விரதம் கெட்டுப்போச்சுன்னு ஒடஞ்சிருவாரு. தூக்கத்துல பேசுறதுக்குச் சாமி கணக்கு வெக்காது, இல்ல அண்ணே?”

“வெக்காது” என்றேன். எனக்கென்ன தெரியும். ஆனால் உறுதியாகச் சொன்னேன். “ஆனா டாக்டரு இதக் கேக்கணும் பாப்பா.”

டாக்டரிடம் நான்தான் போனேன். சொல்லி முடித்ததும் அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவருடைய வெள்ளை மஸ்டா அவர்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாப்பா போட்ட முக்காலியில் உட்கார்ந்தார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிச்சைமுத்து தூங்கினான். நாங்கள் மூன்று பேரும் ஒரு மனிதன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். அரை மணி ஆயிற்று. பாப்பா கொடுத்த காப்பி ஆறி ஆடை படிந்தது. மழை விட்டு, தெருவிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது. அவன் பேசவில்லை. பேசுகிற நாளெல்லாம் பேசிவிட்டு இன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டானே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மணி நேரம் ஆனதும் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார்.

“யாப் ஹோய் லா, தவுக்கே சோ! யாப் ஹோய்!”

யாரோ ஒரு சீன அம்மாவைப் பஸ்ஸுக்குள்ளே நகரச் சொல்கிறான், அவர்கள் பாஷையில், வீடு அதிரும்படி. டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிச்சைமுத்து அந்த அம்மாவை மேலும் இரண்டு தடவை அதட்டினான். பிறகு தமிழில் யாரிடமோ ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு அடங்கினான். அந்தச் சிரிப்பு வராத முகத்தில் நான் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன். “முழுக் குரல்” என்றார் மெல்ல. “இரண்டும் உயிரோடு இருக்கின்றன.” சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே நுனிக்காலில் வெளியே போனார். சந்து முனைவரை ஈரத்தில் வெறுங்காலோடுதான் நடந்தார்.

அடுத்த வாரம் கிளினிக்கில் டாக்டர் கோப்பைப் பார்த்தபடி, “இரண்டாவது அறுவை வருகிற வெள்ளிக்கிழமை” என்றார். அது தைப்பூசத்துக்குப் பதினோரு நாள் முன்பு.

பிச்சைமுத்து நிமிர்ந்து பார்த்தான். குரல் இல்லையென்றால் அறுவை இல்லை என்று இதே மனிதர் இதே நாற்காலியில் சொன்னதை அவன் மறக்கவில்லை. டாக்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பாப்பாவைப் பார்த்தான். பாப்பா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். அவன் டிக்கெட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினான். “இருக்கா?”

நான் படித்துச் சொல்லவில்லை. டாக்டருக்குத் தேவையும் படவில்லை. “தேதியைச் சொல்லிவிட்டேன்” என்றார். “ஒன்றை மறைக்கமாட்டேன். ஒரு தடவை திறந்த இடத்தில் சதை ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தத் தடவை நரம்பைத் தேடிப் பிரிப்பது அதைவிடக் கஷ்டம்.”

பிச்சைமுத்து தன் கழுத்தில் கையை வைத்தான். அவனுக்குக் குரல் இருக்கிறது என்று அவனுக்கு இப்போது தெரியும். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

புதன்கிழமை அவன் என் பஸ்ஸில் ஏறி, குணமாகி வெளியே வருகிறவர்களை உட்காரவைப்பானே, அந்த முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். நாள் முழுவதும் இறங்கவில்லை. ஈப்போ, தஞ்சோங் ரம்புத்தான், மறுபடி ஈப்போ. தெரிந்தவர்கள் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு நான் இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பினேன்.

“பேசுடா” என்றேன். “ரெண்டு நாளு இருக்கு. வீட்டுக்குப் போயி பாப்பாகிட்ட நாலு வார்த்த பேசு.”

அவன் எழுதினான். “முருகனுக்குக் கொடுத்தது.”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “முருகனுக்கு லட்சம் பேரு கத்துறான் லா! பாப்பாவுக்கு யாரு இருக்கா? ஒரு மாசமா ரெண்டு பேரு பேச்சையும் அவ ஒருத்தியே பேசிக்கிட்டிருக்கா. ஒனக்கு விரதம் பெருசா, இல்ல பயமா? நெசத்தச் சொல்லு.”

அவன் அந்த டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நோய்க்காரனிடம் இப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று வழி நெடுக என்னையே திட்டிக்கொண்டு ஓட்டினேன். அவன் ஜன்னலில் தலையைச் சாய்த்து மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை. அறுவைக்கூடத்துக்குப் போகும் நீளமான நடையில் அவனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டிருந்ததால் கண் சொருகியிருந்தது. ஒரு பக்கம் பாப்பா, ஒரு பக்கம் நான். பாப்பா விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். கஞ்சி எப்படிக் காய்ச்சிக் கொண்டுவருவாள், கொட்டகை ராக்காயி அக்கா என்ன சொன்னாள், கோழிக்கு யார் தீனி வைக்கிறார்கள், எல்லாம். கதவு வந்துவிட்டது. “இதுக்கு மேல வரக்கூடாது” என்றாள் நவமணி மிஸி.

“பாப்பா.”

தள்ளுவண்டி நின்றது. யாரும் தள்ளவில்லை.

“பாப்பா, எனக்குப் பயமா இருக்கு.”

விழித்துக்கொண்டுதான் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். முருகனுக்கென்று முப்பத்தேழு நாள் பூட்டி வைத்திருந்ததை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டான்.

பாப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். என் கண்ணால் பார்த்தேன், உதடு பிரிந்தது, மூச்சு வந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கணம் அப்படியே நின்று, கண்ணை மூடி, கையை எடுத்து மேலே பார்த்துக் கும்பிட்டாள். அதன் பிறகு அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டாளே தவிர, ஒரு சத்தம் வரவில்லை.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நேர்ந்துகொண்டவரால் முடியாமல் போனால் வீட்டில் இன்னொருவர் அதை எடுத்து முடிக்கலாம் என்பது எங்களிடம் உள்ள வழக்கம். என் தம்பி அம்மை போட்டுப் படுத்தபோது அவன் பால்குடத்தை நான் தூக்கியிருக்கிறேன். கத்தி கழுத்தில் படப்போகிற நேரத்தில் புருஷன் சாமியிடம் கடனாளியாகப் போகக் கூடாது என்று பாப்பா அந்தப் பூட்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவன் புரிந்துகொண்டான். சிரித்த மாதிரி இருந்தது. கதவு மூடிக்கொண்டது.

நாலு மணி நேரம் நாங்கள் அந்தப் பெஞ்சில் இருந்தோம். பாப்பாவின் பக்கத்தில் நாலு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. என்ன பேசினாலும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். டாக்டர் வந்து முகத்துணியைக் கீழே இழுத்தார். “எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. இரண்டு நரம்பையும் கண்ணால் பார்த்தேன். இனி அவன் வாயைத் திறந்தால்தான் தெரியும்.” அவர் குரலே கம்மியிருந்தது. பாப்பா எழுந்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

சாயங்காலம் பிச்சைமுத்து கண் விழித்தான். கழுத்தில் போட்ட கட்டின் மேல் இரத்தம் சிறிதாகக் கசிந்திருந்தது. டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவன் பாப்பாவைக் கண்ணால் தேடிப் பிடித்தான். உதட்டை நனைத்துக்கொண்டான்.

“பாப்பா.”

உடைந்த குரல்தான். மார்க்கெட்டுக்குக் கேட்காது. என் இடது காதுக்குக்கூட எட்டியிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் குரல். டாக்டர் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

“பாப்பா, எதாச்சும் பேசு” என்றான் பிச்சைமுத்து. “நீ பேசிக் கேக்கணும் போல இருக்கு.”

அவள் கன்னம் முழுவதும் கண்ணீர் வழிந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். அவளுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.